தோடு விழுந்த ஊர்

என் சித்தப்பா பையன் ஹூஸ்டனில் இருக்கிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் சாக்லேட், சென்ட் பாட்டில் என்று ஏதாவது கொண்டு வருவான். போன தடவை ஒரு சின்ன டப்பியை நீட்டினான்.

"உங்களுக்குத்தான் பழைய வெள்ளிப் பைத்தியமாச்சே அண்ணா! மெக்ஸிகோ போயிருந்தேன். அண்ணிக்கு வாங்கினேன்."

திறந்தால், ஒரு ஜோடி வெள்ளித் தொங்கட்டான். ஒவ்வொன்றிலும் ஒரு எலும்புக்கூடு. அதுவும் பெண் எலும்புக்கூடு! தலையில் பூ வைத்த அகலத் தொப்பி. முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

என் மனைவி அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள், கரப்பான்பூச்சியைத் தூக்குகிற மாதிரி.

"ஏங்க, எலும்புக்கூட்டைக் காதுல மாட்டிக்கிட்டு ஆபீஸ் போனா மேனேஜர் என்ன நினைப்பார்?"

"வேலை ஜாஸ்தின்னு நினைப்பார். இன்க்ரிமென்ட் கிடைச்சாலும் கிடைக்கும்."

ஜோக்குக்குச் சிரிக்காமல் டப்பியை என் பக்கம் தள்ளி விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கையை நீட்டினாள். அம்மாவுக்குப் போன மாதம்தான் வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. புதுக் கண் வந்த உற்சாகத்தில் பஞ்சாங்கம், பால் பாக்கெட் என்று எதையும் படிக்காமல் விடுவதில்லை. தொங்கட்டானையும் விடவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பி நிதானமாகப் பார்த்து விட்டுச் சொன்னாள்:

"இது நம்ம காரைக்கால் அம்மாடா! கையில தாளம் மட்டும்தான் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருஷமாக வெள்ளி சேர்க்கிறேன்... இது எனக்குத் தோன்றவில்லையே!

"கண்ணு நல்லாயிட்டா திருத்தணிக்குக் கண்மலர் போடறதா வேண்டியிருக்கேன். டாக்டர் கூட்டத்துக்குப் போகக் கூடாதுங்கறார். நீ போய்ப் போட்டுட்டு வா. வழியில திருவாலங்காட்டுல எறங்கி அந்த அம்மாவையும் பார்த்துட்டு வா. சும்மா பழைய வெள்ளி, பழைய வெள்ளின்னு அலையறியே!"

ஆக, இந்தப் பயணம் நான் திட்டமிட்டதில்லை. ஒரு எலும்புக்கூடு கூப்பிட்டது, போனேன்.

போவதற்கு முன்னால் அந்த மெக்ஸிகோ அம்மாளைப் பற்றிக் கொஞ்சம்.

பெயர் கத்ரீனா. உடனே கத்ரீனா கைஃபை நினைத்தால் நான் பொறுப்பில்லை. ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற மெக்ஸிகோ அச்சுச் சித்திரக்காரர், 1913இல் இறந்து போனவர், தன் கடைசி வருஷங்களில் செதுக்கிய படம் அது. உள்ளூர்ச் சோளத்தைத் தின்று கொண்டு ஐரோப்பியச் சீமாட்டி மாதிரி தொப்பி போட்டுத் திரிந்தவர்களைக் கிண்டலடிக்கப் போட்டது. 'தொப்பி என்னவாக இருந்தாலும் உள்ளே எல்லாரும் இதுதாண்டியம்மா' என்பது சேதி. பிறகு 1947இல் தியேகோ ரிவேரா என்ற பெரிய ஓவியர் தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடம்பும் உடையும் கொடுத்து நடுநாயகமாக நிறுத்தி விட்டார். அன்றிலிருந்து அவள் மெக்ஸிகோவின் செல்லப் பெண்.

நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே இறந்தவர்களுக்குப் படையல் போடுகிறார்கள். நம் மகாளய அமாவாசை மாதிரிதான், ஆனால் பாட்டும் கூத்தும் உண்டு. படையலுக்கு என்ன பூ தெரியுமோ? துலுக்கச் சாமந்தி! அதன் சொந்த ஊரே மெக்ஸிகோதான். நம் ஊர்க் கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிறதே, அதே பூ. மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். காரமும் மாலையும் கொடுத்த தேசத்திலிருந்து ஒரு தோடு வந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!

தோடு செய்த ஊர் டாஸ்கோ. மலைச்சரிவில் இருக்கும் பழைய வெள்ளிச் சுரங்க ஊர். சுரங்கம் நொடித்து ஊரும் தூங்கிக் கொண்டிருந்த காலத்தில், 1929இல் வில்லியம் ஸ்ப்ராட்லிங் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். கட்டடக் கலை வாத்தியார். 'வெள்ளி தோண்டுகிற ஊரில் வெள்ளி வேலை நடக்கவில்லையே' என்று 1931இல் ஒரு பட்டறை போட்டார். பக்கத்து ஊர் இக்வாலாவிலிருந்து தட்டான் வந்தார். நகைக்கு மாதிரி பாரிஸிலிருந்து வரவில்லை. கொலம்பஸுக்கு முந்தின கோயில் சிற்பங்களிலிருந்தும் கிராமத்துக் கைவேலையிலிருந்தும் எடுத்தார்கள். அவரிடம் வேலை பழகிய பையன்கள் பின்னால் தனிப் பட்டறை வைத்தார்கள். காஸ்தியோ சகோதரர்கள், ஆண்டோனியோ பினேதா எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். ஒவ்வொருவரும் நகையின் பின்னால் தன் முத்திரையைக் குத்தினார்கள்.

இந்த முத்திரை விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

வாங்குகிற ஆசாமிகளுக்கு ஒரு டிப்ஸ்: '925' என்று இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. டாஸ்கோ சரக்கில் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பட்டறைக் குறியும் இருக்கலாம். 'அல்பாகா' என்று குத்தியிருந்தால் ஏமாறாதீர்கள். அது நம் ஊர் ஜெர்மன் சில்வர். அதில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது. ஆட்டுக்கால் சூப்பில் ஆடு இருக்கலாம், ஜெர்மன் சில்வரில் சில்வர் இல்லை.

என் சேகரிப்பு ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. மியூசியம் அளவுக்கெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். பீலி, மெட்டி, தாயத்து, இடுப்பில் செருகும் கொத்துச்சாவி வளையம், சுண்ணாம்பு டப்பி, குங்குமச் சிமிழ், குழந்தைகளின் தண்டை, ஓர் அரைமூடி. அரைமூடி தெரியாதவர்களுக்கு: பெண் குழந்தைக்கு இடுப்புக் கயிற்றில் கட்டுகிற அரசிலை வடிவத் தகடு. உலகத்திலேயே சின்ன டிரெஸ். கல்யாணமான புதிதில் என் மனைவி டின்னைத் திறந்து அரைமூடியை எடுத்து, "இதை யாருக்காக வாங்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது நான் வியர்த்த வியர்வை இருக்கிறதே...

மாதம் ஒருமுறை டின்னைத் திறந்து, திருநீறு போட்டுத் தேய்த்து, கறுப்பு போனதும் மறுபடி துணியில் சுற்றி மூடி விடுவேன். இதுதான் என் பொழுதுபோக்கு. எதற்கு இந்தப் பைத்தியம் என்று யாராவது கேட்டால், "கலை ஆர்வம்" என்று சொல்வது வழக்கம். அது பொய். நிஜக் காரணத்தைத் திருவாலங்காட்டில் இறங்கியதும் சொல்கிறேன்.

சென்ட்ரலில் அரக்கோணம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயின். திருவள்ளூர் தாண்டினால் கூட்டம் குறைந்து ஜன்னலோரம் கிடைக்கும். கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அடுத்தது திருவாலங்காடு. ஸ்டேஷனில் இறங்கி கோயிலுக்கு இன்னும் சில கிலோமீட்டர் போக வேண்டும். ஷேர் ஆட்டோவில் என்னோடு ஒரு கீரைக்கட்டும், ஒரு சைக்கிள் டயரும், இரண்டு பெண்களும் வந்தார்கள். பேச்சில் தமிழும் தெலுங்கும் பாலும் டிகாக்ஷனும் மாதிரி கலந்திருந்தது. கலக்காமல் என்ன செய்யும்? 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, சட்டம் வந்து, அன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வந்தது. ஏப்ரல் ஒன்றாம் தேதி நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

கோயிலுக்குள் நுழைவதற்கு முன் குளக்கரையில் காளி இருக்கிறாள். முதலில் அவளைப் பார்த்து விட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். காரணம் ஒரு பழைய போட்டி.

காளிக்கும் சிவனுக்கும் நடனப் போட்டி. இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆடுகிறார்கள். நடுவர்கள் திணறுகிறார்கள். அப்போது ஆட்ட வேகத்தில் சிவனின் காதுக் குண்டலம் கழன்று கீழே விழுந்து விடுகிறது. ஆட்டத்தை நிறுத்தவில்லை அவர். கால் விரலால் அதை எடுத்து, அப்படியே காலை உச்சிக்குத் தூக்கிக் காதில் மாட்டிக் கொண்டார்! அதுதான் ஊர்த்துவ தாண்டவம். சபை நடுவில் காலை அப்படித் தூக்கக் காளி கூச்சப்பட்டு நின்றாள். ஆட்டம் முடிந்தது. 'என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் உன்னைப் பார்க்கட்டும்' என்று ஆறுதல் பரிசு கொடுத்தாராம்.

ஒரு தோடு விழுந்ததால் பெயர் பெற்ற ஊர் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? நகை சேர்க்கிறவனுக்கு இதை விட நல்ல க்ஷேத்திரம் கிடையாது.

நடராஜருக்கு ஐந்து சபைகள் என்பார்கள். சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், குற்றாலம் சித்திரம், திருவாலங்காடு ரத்தினம். நகைக்கடை போர்டு மாதிரி இல்லை? ரத்தின சபையில் அவர் காலைத் தூக்கியபடி நிற்கிறார். அவர் காலடியில் இடம் பிடித்தவர்தான் நான் தேடி வந்த அம்மா.

காரைக்காலில் பெரிய வணிகர் வீட்டுப் பெண். பெயர் புனிதவதி. பணத்துக்கோ அழகுக்கோ நகைக்கோ குறைவே இல்லை. மாம்பழக் கதை உங்களுக்குத் தெரியும். 1973இல் வந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் லட்சுமி இளம் புனிதவதியாகவும், கே.பி.சுந்தராம்பாள் பிற்கால அம்மையாராகவும் வருவார்கள். சாமி கொடுத்த மாம்பழத்தைப் பார்த்து மிரண்டு போன கணவன் பரமதத்தன், மனைவியைத் தெய்வமென்று கும்பிட்டு ஒதுங்கி விடுகிறான். 'இந்த ஆளுக்காகத்தானே இந்த அழகைச் சுமந்தேன்? இனி எதற்கு?' என்று புனிதவதி கேட்டு வாங்கிய வரம் உலகத்தில் எந்தப் பெண்ணும் கேட்காதது: தசையை உதறிய பேய் வடிவம்.

அதன் பிறகு பாட்டெழுதும்போது அவர் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே கையெழுத்துப் போடுகிறார். வற்றிய மார்பு, பள்ளமான வயிறு, துருத்திய பல் என்று சுடுகாட்டுப் பேய்ப் பெண்ணை அவர் வர்ணிக்கிற மாதிரி எந்த ஆண் கவியும் வர்ணித்ததில்லை. கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனார். சிவன் 'அம்மையே' என்று அழைத்தார். 'நீ ஆடும்போது உன் அடிக்கீழ் இருக்க வேண்டும்' என்று கேட்டு, திருவாலங்காட்டில் நிரந்தரமாகக் குடியேறி விட்டார். பின்னால் வந்த ஞானசம்பந்தரே, 'அம்மை தலையால் நடந்த ஊரை நான் காலால் மிதிப்பதா?' என்று தயங்கிப் பக்கத்துப் பழையனூரில் தங்கியதாகச் சொல்வார்கள்.

எந்தச் சிவன் கோயிலிலும் அறுபத்து மூவர் வரிசையைப் பாருங்கள். எல்லாரும் நிற்பார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் 13ஆம் நூற்றாண்டு வெண்கல அம்மையார் ஒருவர் இருக்கிறார். கன்சாஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்தில் இன்னொருவர். இரண்டு பேரும் கையில் தாளத்தோடு, எலும்பும் தோலுமாக.

நான் பையிலிருந்து தொங்கட்டான் டப்பியை எடுத்துத் திறந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து விட்டு இரண்டடி தள்ளிப் போனார். அவர் மேல் தப்பில்லை.

அந்த அம்மாளும் இந்த அம்மாளும் அக்கா தங்கை மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம். மெக்ஸிகோக்காரிக்கு எல்லாம் போன பிறகும் தொப்பி போகவில்லை. அதுதான் அவளைப் பற்றிய கிண்டலே. நம் அம்மா தொப்பியையும் சேர்த்துக் கழற்றிப் போட்டு விட்டு வந்து உட்கார்ந்தவர்.

அப்போதுதான் எனக்குப் பாட்டியின் கால் ஞாபகம் வந்தது. சொல்கிறேன் என்றேனே, அந்த நிஜக் காரணம்.

என் அப்பாவின் அம்மா காலில் ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு இருந்தது. கட்டை விரல் தடிமன். கல்யாணத்தின்போது மாமியார் வீட்டில் போட்டது. "நாப்பது ரூபா போட்டு அடிச்சது" என்பாள் பாட்டி. ஏதோ நாற்பது ரூபாய் விலை என்று ரொம்ப நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். விஷயம் அதில்லை. நாற்பது வெள்ளி ரூபாய் நாணயங்களை ஆசாரியிடம் எண்ணிக் கொடுத்து, உருக்கி, காப்பாக அடித்தது. அந்தக் காலத்து ரூபாய் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. நாற்பது ரூபாய்க்கு 466 கிராம். கிராமத்துப் பெண்ணுக்கு அதுதான் பாங்க். காலிலேயே லாக்கர்.

நான் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஃபீஸ் கட்டப் பணமில்லை. பாட்டி தானே சோப்புத் தண்ணீர் போட்டுக் காப்பைக் கழற்றினாள். கடைக்கு எடுத்துப் போனது நான். கடைக்காரர் தராசில் போட்டார். 452 கிராம். அறுபது வருஷம் நடந்ததில் தேய்ந்தது பதினாலே கிராம்! "தொண்ணூறு டச் கூட வராது தம்பி. அழுக்கு, பொடி எல்லாம் கழிக்கணும்" என்று கால்குலேட்டரைத் தட்டி, 360 கிராமுக்குப் பணம் கொடுத்தார். காமர்ஸ் மாணவனான நான் பேசாமல் வாங்கிக் கொண்டேன். ரூபாய் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் என்பதை அதற்கப்புறம் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். டாஸ்கோவின் 925க்கு அரைக்கால் அடி பின்னால் நிற்கிற சரக்கு!

ஃபீஸ் போக மிச்சத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொண்டேன்.

அன்று சாயந்திரம் பாட்டி திண்ணையிலிருந்து எழுந்து நடக்க முயன்று, சுவரைப் பிடித்துக் கொண்டாள். "காலு லேசா இருக்குடா. விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. சிரித்தபடிதான் சொன்னாள். கணுக்காலில் காப்பு இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுப்பாக ஒரு வளையம். அந்த வளையம் கடைசி வரை மறையவில்லை.

சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்த மாதிரிக் காப்பு எங்கேயாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன். சௌகார்பேட்டை, சேலம் செவ்வாய்ப்பேட்டை, காஞ்சிபுரம், எல்லா இடத்திலும். கொலுசுக்குப் பேர் போன சேலத்தில்கூட ஒரு பட்டறைக்காரர் கையை விரித்தார்.

"பழசு எல்லாம் உருக்குக்குத்தான் சார் வரும். வந்த அன்னிக்கே குகையில போயிடும்."

ஏன் போகிறது என்று யோசித்தேன். கணக்கு எளிது. நாம் நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று வேலைக்குத் தனியாகக் காசு கொடுக்கிறோம். விற்கும்போது வேலைக்கு மதிப்பு பூஜ்யம். வெறும் எடை. யார் செய்தது என்ற பெயரும் இல்லை. அப்படியானால் உருக்காமல் வைத்திருக்கக் கடைக்காரருக்கு என்ன தலையெழுத்து? டாஸ்கோவில் அந்தச் சின்ன முத்திரை என்ன செய்தது என்றால், பினேதா குத்திய வளையலின் விலையை வெள்ளியின் எடையிலிருந்து பிரித்து விட்டது. உருக்கினால் நஷ்டம். அதனால் பிழைத்தது. நம் ஆசாரிக்கும் கை இருந்தது, வேலை இருந்தது. பெயர் குத்துகிற வழக்கம் இல்லை. அதனால் உருகியது.

இதே திருவாலங்காட்டுச் சமாசாரம் ஒன்று பாருங்கள். ராஜேந்திர சோழன் பழையனூர் கிராமத்தை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம், 31 செப்பேடுகள், 1905இல் கிடைத்தது. சோழர் வம்சாவளியைச் சொல்கிற முக்கியமான ஆவணம். எடைக்கு எடை பார்த்தால் ஒரு நல்ல அண்டா தேறும். நடுவில் ஒருத்தர் பாத்திரக்கடைக்குப் போட்டிருந்தால் சரித்திரத்தில் சாம்பார் வைத்திருப்போம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்பானியர்கள் மெக்ஸிகோவில் தோண்டிய வெள்ளி, டாலர் நாணயமாகக் கப்பலேறி உலகமெல்லாம் சுற்றியது. சென்னைக்கும் வந்தது. 1807, 1808 வாக்கில் கம்பெனியின் சென்னை நாணயச்சாலை, ஸ்பானிய டாலரை உருக்கக்கூட நேரமில்லாமல் அதன் மேலேயே கோபுரமும் சாமியும் போட்டு அரைப் பகோடா அச்சடித்தது. ஆகவே பாட்டியின் நாற்பது ரூபாயில் ஒரு ரூபாயாவது மெக்ஸிகோ மண்ணிலிருந்து வந்திருக்கலாம். அறுபது வருஷம் அதை மாட்டிக் கொண்டு அவள் நாற்று நட்டிருக்கலாம். நான்தான் மெக்ஸிகோ வெள்ளிக்கு ஹூஸ்டனிலிருந்து ஆள் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆலங்காட்டிலிருந்து பஸ் பிடித்துத் திருத்தணி. 365 படி, வருஷத்துக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்குப் பாட்டோடு ஏறுவார்கள். நான் ஏறியது பாட்டில்லாமல், மூச்சு வாங்கி.

கண்மலர் விற்கும் கடையில் வயதான அம்மா ஒருத்தி. தட்டு நிறைய வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வேல், தொட்டில். பார்த்ததும் மறுபடி மெக்ஸிகோ! அங்கேயும் மாதா கோயில்களில் இதே வேண்டுதல் உண்டு. கண், கால், இதயம், மாடு, சோளக்கதிர் எல்லாம் சின்னச் சின்ன உலோக உருவாகச் செய்து, புனிதர் சிலை பக்கத்தில் குத்தி வைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'மிலாக்ரோ'. ஸ்பானிஷில் அற்புதம் என்று அர்த்தம். காரைக்கால் அம்மையாரின் நூல்களில் ஒன்றுக்கு என்ன பெயர்? 'அற்புதத் திருவந்தாதி'! இப்போது அந்த மிலாக்ரோவைக் கோத்து நெக்லஸாகவும் தோடாகவும் போட்டுக் கொள்வது ஃபேஷன்.

எனக்குள் சேகரிப்பாளன் விழித்துக் கொண்டான்.

"ரெண்டு ஜோடி கண்மலர் குடுங்கம்மா."

"வீட்ல ரெண்டு பேருக்கு ஆபரேஷனா தம்பி?"

"இல்லம்மா. ஒண்ணு உண்டியலுக்கு. ஒண்ணு நான் வச்சுக்க."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வச்சுக்கறதா? சாமிக்குப் போட வேண்டியதை நீ வச்சுக்கிட்டா அது பாக்கியில்ல?"

மூன்று வருஷம் காலேஜில் படித்தும் புரியாத அக்கவுண்டன்சி ஒரே வரியில் புரிந்து விட்டது. நான் டின்னில் வைத்திருப்பதை எல்லாம் இத்தனை நாள் சொத்துப் பக்கத்தில் எழுதிக் கொண்டிருந்தேன். அத்தனையும் பாக்கி! யாரோ ஒரு குழந்தை காலில் ஆட வேண்டிய தண்டை, யாரோ மடியில் தொங்க வேண்டிய சாவி வளையம். உருக்குகிறவரிடமிருந்து காப்பாற்றினேன், சரி. காப்பாற்றி என்ன செய்தேன்? திருநீறு போட்டுப் புதைத்து வைத்தேன். விழுந்த குண்டலத்தை எடுத்து அவர் பிஸ்கட் டின்னில் போடவில்லையே! ஆட்டத்தின் நடுவிலேயே திரும்பக் காதில் மாட்டிக் கொண்டாரே!

ஒரு ஜோடி மட்டும் வாங்கினேன். அம்மா பெயரைச் சொல்லி உண்டியலில் போட்டேன். தகடு லேசு. விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்து அம்மா முன்னால் கொட்டினேன். இப்போது தண்டை என் அக்கா பேத்தி காலில் இருக்கிறது. நடக்கப் பழகுகிறாள், வீடு அதிர்கிறது. சாவி வளையம் அம்மா இடுப்பில். பீலியும் மெட்டியும் கிராமத்து அத்தைக்குப் போய் விட்டன. அரைமூடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி இந்த இதழில் எதுவும் அறிவிப்பதற்கில்லை.

பாட்டியின் காப்பு கிடைக்கவில்லை. கிடைக்காது. அது எத்தனையாவது கொலுசாக, யார் காலில் இருக்கிறதோ. எங்கேயோ நடந்து கொண்டிருந்தால் சரி.

தொங்கட்டான்? போன திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பிய என் மனைவியின் காதில் இரண்டு எலும்புக்கூடும் சிரித்துக் கொண்டிருந்தன. சாயந்திரம் வந்ததும் ஆவலாகக் கேட்டேன்.

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"உத்துப் பார்த்தார். 'என்னம்மா இது'ன்னார். 'திருவாலங்காட்டு அம்மா சார்'னேன்."

"அப்புறம்?"

"கன்னத்துல போட்டுக்கிட்டாருங்க!"